ஓட்டுக் கேட்கப் போனவள் கேட்காதது

பக்ஸ் கவுண்ட்டி, பென்சில்வேனியா
26 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே மிச்சிகனில் இங்கேயைவிடக் குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன்.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். அதிபர் தேர்தலுக்கு மறுநாள், நவம்பர் 6ஆம் தேதி காலையில் உன்னோடு பேசியதிலிருந்து, தொலைபேசியில் வாயைத் திறந்தால் ஐந்தாவது நிமிடம் பிரசாரம் தொடங்கிவிடும் என்ற அச்சம் எனக்கே வந்துவிட்டது. தாளில் என்றால் அடித்துத் திருத்த முடிகிறது. இது நான்காவது தாள். முதல் மூன்றும் உன்னைத் திருத்துவதற்காக எழுதப்பட்டவை என்று படித்துப் பார்த்தபோது தெரிந்ததால் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அன்று, இரவெல்லாம் தூங்காத எரிச்சலில், "உன்னைப் போன்றவர்களால்தான் தோற்றோம்" என்று சொன்னேன். வாக்குச்சீட்டை வாங்கி, செனட்டர் முதல் கடைசிப் பதவி வரை எல்லாவற்றையும் குறித்துவிட்டு, அதிபருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு வந்ததாக நீ சொன்னாய். என் காதில் விழுந்தது கடைசிப் பகுதி மட்டுமே. கோபம் தணிந்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிச்சிகனில் எங்கள் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் ஏறத்தாழ 80,000 வாக்குகளில் தோற்றார். அந்த மாநிலத்தின் 15 தேர்வாளர் வாக்குகளும் அவருக்கே கிடைத்திருந்தாலும் அவருடைய 226 என்பது 241 ஆகியிருக்குமே தவிர வெற்றிக்குத் தேவையான 270ஐத் தொட்டிருக்காது. விஸ்கான்சினின் பத்தும் எங்கள் பென்சில்வேனியாவின் பத்தொன்பதும் சேர்ந்தால்தான் சரியாக 270. பென்சில்வேனியாவில் நாங்கள் தோற்றதோ ஏறத்தாழ 1,20,000 வாக்குகளில். நீ செனட்டுக்குக் குறித்த எலிசா ஸ்லாட்கினாவது உங்கள் மாநிலத்தில் கரையேறினார். எங்கள் செனட்டர் பாப் கேசி தன் இடத்தையே இழந்தார். ஆகஸ்ட் முதல் வாரந்தவறாமல் நான் ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டிய இதே பக்ஸ் கவுண்ட்டி, 1988க்குப் பிறகு முதன்முறையாக அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு முன்னிலை தந்தது. வித்தியாசம் சில நூறு வாக்குகள்தான். என் காலடியில் பள்ளம் இருக்க, ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருந்த உன்மீது விரலை நீட்டியிருக்கிறேன்.

அந்த நாள் நவம்பர் 6 என்பதும் பிறகுதான் உறைத்தது. 2011இல் அப்பாவும் நானும் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபோது உனக்கு 17 வயது. எங்களோடு நீயும் தானாகவே குடிமகனானாய். மறு ஆண்டு, 2012 நவம்பர் 6 அன்று, தீயணைப்பு நிலையக் கூடத்தில் நீயும் நானும் ஒரே வரிசையில் நின்று வாழ்க்கையின் முதல் அதிபர் தேர்தல் வாக்கைச் செலுத்தினோம். வெளியே வந்து பழக்க தோஷத்தில் இடக்கை விரலில் மை இருக்கிறதா என்று பார்த்தேன். மைக்குப் பதிலாகக் கொடுத்த ஒட்டுத்தாளை நீ என் குளிர்கோட்டில் ஒட்டிவிட்டாய். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில், அதே பிள்ளையிடம் அப்படிப் பேசியிருக்கிறேன்.

கதவு தட்டிய கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. வெற்றிக் கதையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். எனக்குக் கொடுத்த தெருக்களில் பாதி லெவிட்டவுனில் இருந்தன. 1950களில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். பக்கத்து ஃபேர்லெஸ் உருக்காலைச் சம்பளத்தை நம்பி எழுந்த ஊர். ஆலையின் பெரும்பகுதி மூடி நெடுங்காலமாகிவிட்டது. கட்டிய காலத்தில் அங்கே கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்தார்கள். 1957இல் முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது கும்பல் கூடிக் கல்லெறிந்தது. இந்த வரலாறெல்லாம் படித்துவிட்டுப் போனதாலோ என்னவோ, ஒவ்வொரு கதவும் திறப்பதற்கு முன்பே அதற்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். செயலியில் ஒவ்வொரு பெயருக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண் போட வேண்டும்: 1 என்றால் உறுதியாக நம் பக்கம், 5 என்றால் உறுதியாக எதிர்ப்பக்கம். எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட வேண்டும், வாதத்தில் இறங்கக் கூடாது என்பது பயிற்சியில் சொன்ன முதல் விதி. உன் அம்மா அதைக் கடைப்பிடித்திருப்பாள் என்று நீயே நம்பமாட்டாய்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பெண் கதவைத் திறந்தார். முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி உதவியாளர். என் வயதுதான் இருக்கும். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 3, அதாவது முடிவு செய்யாதவர். கடைக்குப் போய்வந்தாலே வயிறு எரிகிறது என்றார். எனக்கு விடை தயாராக இருந்தது: 2022 ஜூனில் 9.1 விழுக்காட்டைத் தொட்ட விலைவாசி உயர்வு இப்போது 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் முட்டை விலை பழையபடி ஆகிவிட்டதா?" என்றார். உயரும் வேகம்தான் குறைந்திருக்கிறது, விலை அல்ல என்று விளக்கினேன். சொல்லும்போதே அது வகுப்பறைப் பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தாமல், அங்கிருந்து 2021 ஜனவரி 6க்கும், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கும்பலுக்கும், மக்களாட்சிக்கு வந்திருக்கும் ஆபத்துக்கும் தாவினேன். இரவு வேலைக்குப் போக வேண்டும், கொஞ்சம் தூங்க வேண்டும் என்று சொல்லி அவர் மெதுவாகக் கதவைச் சாத்தினார். நான் 3ஐ 4 ஆக மாற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அக்டோபரில் இதையே பெரிய அளவில் பார்த்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. 16ஆம் தேதி ஹாரிஸ் எங்கள் கவுண்ட்டியின் வாஷிங்டன் கிராசிங்குக்கு வந்தார். 1776 கிறிஸ்துமஸ் இரவில் ஜார்ஜ் வாஷிங்டன் படையோடு டெலவேர் ஆற்றைக் கடந்த இடம். நூற்றுக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சியினர் உடன் நிற்க, அரசியலமைப்பைக் காக்கும் கடமையைப் பற்றிப் பேசினார். தொலைக்காட்சியில் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. நான்கு நாள் கழித்து, அதே கவுண்ட்டியின் ஃபீஸ்டர்வில்லில், டிரம்ப் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுத்தார். கடை அன்று பொதுமக்களுக்கு மூடியிருந்தது. ஜன்னல் வழியே வாங்கியவர்கள் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பிரசார அலுவலகத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாடகம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் எந்த இடத்தில் மேடை போட வேண்டும் என்று அந்த நாடகக்காரருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரவுப் பணிப் பெண் வேலைக்குப் போகும் வழியில் காப்பி வாங்கக்கூடிய இடம் அது. ஆற்றங்கரையில் அரசியலமைப்பைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஆகஸ்டில், சிகாகோவில் நம் கட்சி மாநாடு நடந்த வாரத்தில் நீ அழைத்தாயே, அப்போது உன்னிடம் நடந்துகொண்டதும் வேறல்ல. பிப்ரவரியில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மிச்சிகன் முதன்மைத் தேர்தலில், காசா போரை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் யாருக்கும் உறுதியளிக்கவில்லை என்று வாக்களித்தீர்கள். அந்த இயக்கத்தின் பேராளர்கள் மாநாட்டில் கேட்டது, பாலஸ்தீன வழிவந்த அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடங்கள். அதைக்கூடக் கொடுக்கவில்லை என்று நீ கொதித்தாய். உன்னோடு வேலை செய்யும் நண்பரின் அத்தை காசாவின் கான் யூனிசில் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினாய். நான் நடுவில் புகுந்து, உச்ச நீதிமன்றம் போய்விடும், 2022இல் கருக்கலைப்பு உரிமையைப் பறித்ததைப் பார்த்தாய் அல்லவா, அடுத்த நியமனங்களும் டிரம்ப் கையில் போனால் என்ன ஆகும் என்று அடுக்கினேன். நீ மௌனமானாய். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். மனத்துக்குள் உனக்கும் ஓர் எண் போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போயிருக்கிறேன்.

உன் தாத்தா இதைவிட நல்ல தொண்டர். மதுரையில் தி.மு.க.வின் பூத் ஏஜென்டாக இருந்தவர். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ வென்றது. எங்கள் தெருவில் வெடிச் சத்தம் அடங்க இரண்டு நாள் ஆனது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் எம்.ஜி.ஆரை மீண்டும் முதல்வராக்கினார்கள்; அவரே மதுரை மேற்கில் நின்று வென்றார். நாலு மாதத்தில் புத்தி கெட்டுப்போன ஜனங்கள் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு, ஓட்டுக் கேட்கப் போன அதே வீடுகளுக்கு மறுபடியும் போனார், இந்த முறை அவர்கள் சொல்வதைக் கேட்க. திரும்பி வந்து என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை, நான் சிறுமி. ஆனால் மூன்று மாலை தொடர்ந்து போனார் என்பது நினைவிருக்கிறது. நவம்பருக்குப் பிறகு நான் ஒரு மாலைகூட லெவிட்டவுனுக்குப் போகவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் உன் வெற்றுச் சீட்டை நான் ஏற்றுக்கொண்டுவிட்டதாக எண்ணாதே. அது தவறு என்றே இன்னும் கருதுகிறேன். இருவரில் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரப்போவது உறுதி என்னும்போது, எவர் உட்கார்ந்தால் நாம் எதிர்த்துப் போராட வழி மிஞ்சும் என்று பார்ப்பவள் நான். உன் வாக்கை நீ மனசாட்சியின் கையொப்பமாகப் பார்க்கிறாய். ஹாரிஸ் நம் தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்துப் பேத்தி என்பதற்காக நான் வாக்களித்ததாக நீ கேலி செய்ததும் நியாயமில்லை. 2020 மாநாட்டு உரையில் அவர் சித்தி என்று சொன்னபோது நான் அழுதது உண்மை. அந்த ஊர்க் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்ததைப் பார்த்துச் சிரித்தவளும் நான்தான். இந்த ஜனவரி 6 அன்று, தான் தோற்ற தேர்தலின் முடிவைத் துணை அதிபராக அவரே தலைமையேற்று அறிவித்தார், முகம் கோணாமல். நாலு வருடத்துக்கு முன் அதே நாளில் அதே கட்டடத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டு நான் எழுந்து நின்று பார்த்தேன். அப்பா தேநீரை எடுத்துக்கொண்டு பேசாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

நேற்று இங்கே பொங்கல் விழா. பேச்செல்லாம் பொறுப்பேற்ற அன்றே டிரம்ப் கையெழுத்திட்ட, பிறப்புக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பற்றித்தான். அவருக்கு வாக்களித்த நம்மவர்கள் சிலர், அது சட்டவிரோதமாக வந்தவர்களுக்குத்தானே என்று பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். அப்படியில்லை, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இல்லாவிட்டாலும் அது பொருந்தும். எச்-1பி விசாவில் இருக்கும் ஒரு பையன், மனைவிக்கு மார்ச்சில் பிரசவம், என்னைத் தனியே அழைத்து, "ஆன்ட்டி, நீங்கள் அரசியலில் இருப்பவர், என்ன ஆகும்?" என்று கேட்டான். பிறப்புக் குடியுரிமையைத் தந்த 1868இன் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம், அதை உறுதிசெய்த 1898இன் வாங் கிம் ஆர்க் தீர்ப்பு, வியாழக்கிழமை சியாட்டில் நீதிபதி ஆணையைத் தற்காலிகமாக நிறுத்தியது என எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. எப்படியோ அடக்கிக்கொண்டு, உனக்கு எது பயமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவன் பயம் நான் நினைத்தது அல்ல. திருநெல்வேலியில் அவன் அப்பா படுத்த படுக்கை. கோடையில் குழந்தையைக் கொண்டுபோய் அவர் கண்ணில் காட்ட வேண்டும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டில் கொண்டுபோவது, போனால் மூவரும் திரும்ப முடியுமா என்பதுதான் அவன் கவலை. முக்கால் மணி நேரம் பேசினான். நீதிபதி விஷயத்தைக் கடைசியில் இரண்டு வரியில் சொன்னேன்.

மார்ச்சில் வருவதாக அப்பாவிடம் சொன்னாயாம். காசாவில் போர்நிறுத்தம் போன ஞாயிறு முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நான் உன்னிடம் வாதாடப்போவதில்லை. ஆகஸ்டில் உன் பேச்சை எந்த இடத்தில் வெட்டினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் நண்பரின் அத்தை விடியற்காலையில் ரொட்டிக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து சொல்.

அன்புடன்,
அம்மா