அப்பாவின் பிக்கப் மறுபடி ஓடுகிறது: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் பிக்கப் பரிசோதனையில் தேறிவிட்டது. புகை, பிரேக், விளக்குகள், அடிப்பாகம், எதிலும் குறை சொல்லவில்லை. தாளைக் கையில் வாங்கியதும் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அடுத்து யாருக்குச் சொல்வது என்று யோசித்தால், வரிசை நீண்டுகொண்டே போனது. அதனால்தான் இந்த மடல். 'பெயரைப் போடாதே' என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். போடவில்லை. படிக்கும்போது யார் எவர் என்பது உங்களுக்கே தெரியும்.

வண்டியை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2007 ஆகஸ்டில் பதிவான நான்கு சக்கர இயக்க பிக்கப், 2.5 லிட்டர் டீசல் எஞ்சின். அப்பா தோட்ட வேலைக் குத்தகை எடுத்து நடத்திய காலமெல்லாம் மண் மூட்டை, புல் பத்தை, செடித்தொட்டி என்று சுமந்தது. பங்குனி உத்திரம் வந்தால் ஈசூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வாழை மரங்களை ஏற்றிச் சென்றது. 2017இல் அப்பா சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார். சரக்கு வாகனத்துக்கு இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி 20 ஆண்டுதான் ஆயுள். ஆகவே 2027 ஆகஸ்டோடு இதன் ஓட்டம் முடிந்துவிடும்.

"ஒன்றரை ஆண்டு ஓடப்போகும் வண்டிக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் முழங்கால் அறுவைக்குப் பிறகு அப்பா தினமும் செம்பவாங் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, துருப்பிடிக்கும் வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இதற்கு முந்தைய பரிசோதனையில் புகையிலும் பிரேக்கிலும் அது தேறாமல் திரும்பிய அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கு அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

முதல் நன்றி, ராணுவத்தில் வாகனம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு. நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் நெம்புகோல் அசையவே மறுத்தது. எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றியாக வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பத்து நிமிடம் கழித்து, "உள்ளே ஒன்றும் இல்லை தம்பி. வெளியே இணைப்புத் தண்டு துருவில் இறுகிக் கிடக்கிறது" என்றார். இந்த ஊரில் சேறு ஏது? ஈரமில்லாத தார்ச்சாலையில் இந்த வகை வண்டியை நான்கு சக்கரத்தில் ஓட்டவும் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும். அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கேறிவிடும். அதனால் பல ஆண்டுகளாக அந்த நெம்புகோலை யாரும் தொடவில்லை. மூன்று நாள் எண்ணெய் ஊறவைத்து, மெல்லத் தட்டித் தட்டி விடுவித்தோம். வண்டியைத் தாங்கிகளில் உயர்த்தி, நெம்புகோலைப் போட்டு, பின்புற ஷாஃப்டை மாமா கையால் சுழற்றினார். முன்புற ஷாஃப்டும் கூடவே சுழன்றது. நாற்காலியிலிருந்து அப்பா கைதட்டினார். மாமா, அந்த ஓசைக்கு உங்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து, கப்பல் பட்டறையில் ஆயுள் முழுதும் பற்றவைப்பு வேலை பார்த்த அண்ணன். இவர் ஒரு சிறிய சுத்தியலும் ஒரு துண்டு சாக்கட்டியும் மட்டும் கொண்டுவந்தார். ஏணி போலிருக்கும் அடிச்சட்டத்தை ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். நல்ல இரும்பு கணீர் என்றது. பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடத்துக்கு மேலே மட்டும் சத்தம் அமுங்கி ஒலித்தது. அங்கே சாக்கட்டியால் வட்டம் போட்டார். சட்டத்துக்கும் சரக்குத் தட்டுக்கும் நடுவே பல காலமாகச் சிந்திய உரமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலிருந்தே அரித்திருக்கிறது. கீழே குனிந்து பார்த்துப் பார்த்துத் தேடிய எனக்கு அது தெரியவே இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவசியம் அந்த இடத்தைக் கையால் துழாவிப் பாருங்கள். அந்த ஓரிடத்தை மட்டும் காக்கி புக்கிட் பட்டறையில் ஒட்டுப்போட்டோம். மற்ற இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவைக் கருப்பாக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலைப் பூசி, மேலே இரண்டு கை வண்ணம் அடித்தோம்.

புகைக்குக் காரணம் கண்டது, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கும் என் அக்காள் மகன். காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றியபோது பாதி வழியைத் தார் போன்ற கரி அடைத்திருந்தது. இரண்டு சனிக்கிழமைகள் அதைச் சுரண்டினான். அடுத்த நாள் தேர்வு இருந்தபோதும் வந்தான். அவன் அம்மாவிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அடியில் வரும் நான்கு செப்பு வாஷர்களை ஜாலான் புசார் கடைக்காரத் தவுக்கே காசு வாங்காமல் கொடுத்தார். பழையதையே திரும்பப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, ஒருமுறை நசுங்கிய செப்பு இறுகிவிடும், இரண்டாம் முறை அடைக்காது என்று பொறுமையாக விளக்கினார்.

அகலமான டயர் போட ஆசைப்பட்டேன். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது என்றும், பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் படிக்கச் சொல்லியும் நண்பர் ஒருவர் தடுத்தார். அவர் சொன்னதே சரி. பழைய அளவிலேயே புதிய டயர் போட்டோம். நாங்களாகச் செய்த மாற்றம் சிறியது: அப்பா பிடித்து ஏறுவதற்கு உட்புறத்தில் ஒரு கைப்பிடி, சரக்குத் தட்டில் தடித்த ரப்பர் விரிப்பு. விரிப்பைத் தூக்கி மண்ணைக் கழுவிவிடலாம்.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் நான்கு மாத வார இறுதிகளை எங்கள் சுத்தியல் சத்தத்தோடு கழித்தார்கள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பாட்டி பார்லி தண்ணீர் கொடுத்தனுப்பினார். என் மனைவி எண்ணெய்க் கறை படிந்த துணிகளைத் தனியே துவைத்ததோடு, வாரந்தோறும் இத்தனை பேருக்கும் சமைத்தாள்.

வரும் பங்குனி உத்திரத்துக்கு வாழை மரம் ஏற்ற வண்டி தயார். அப்பா முன்னிருக்கையில் வருவார். உங்களில் யாருக்காவது அலமாரி மாற்றவோ செடித்தொட்டி கொண்டுவரவோ வேண்டியிருந்தால் முந்தைய நாள் இரவு ஓர் அழைப்பு போதும். 2027 ஆகஸ்டு வரை அந்தச் சரக்குத் தட்டு உங்களுடையது.

அன்புடனும் நன்றியுடனும்,
பிக்கப்காரர் மகன்
செம்பவாங், சிங்கப்பூர்