அரசங்கன்றைப் பிடுங்கியாயிற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "அங்கோர் எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். டிக்கெட், ஓட்டல் எல்லாம் நீ பார்த்துப் பார்த்துப் போட்டது, உனக்குச் சப்பென்று இருந்திருக்கும். அங்கோர் வாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விடியற்காலையில் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் பார்த்ததில் பாதி மனுஷ முதுகு. என் மனசு தங்கியது வேறு இடத்தில். அது போனில் சொல்ல வராது.

கம்போடியாத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து, அங்கோர் இருக்கும் சியம் ரீப் போகும் 6ஆம் எண் நெடுஞ்சாலையில் நடுவழியில் கம்போங் தோம் என்று ஓர் ஊர். வழி நெடுகப் பனைமரம். அம்மா திண்டிவனம் ரோட்டில் போகிற மாதிரியே உட்கார்ந்து வந்தாள். அந்த ஊரிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் போனால் சம்போர் பிரேய் குக். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இடம்தான், ஆனாலும் நாங்கள் போன அன்று எங்களைத் தவிர ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் நான்கைந்து மாடுகளும்தான். சருகு மிதிபடும் சத்தம் கேட்கிற அமைதி.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் தலைநகரம். ஈசானவர்மன் என்கிற ராஜா, அவன் பெயரில் ஈசானபுரம். அங்கோர் வாட்டுக்கு 500 வருஷம் மூத்தது. 25 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடந்த நகரம் இப்போது காடு, காட்டுக்குள் அங்கங்கே கோயில். அதில் பத்து கோயில் எண்கோண வடிவம். செவ்வகத்தில் சுவர் எழுப்பவே தூக்குக்குண்டைப் பத்து தடவை விட்டுப் பார்ப்போம் நாங்கள். எட்டு மூலையையும் செங்கல்லில் பிசகாமல் மேலே கொண்டுபோயிருக்கிறான்.

உன் அப்பனுக்குச் சாமியைவிடச் சுவர்தான் முதலில் கண்ணில் படும், உனக்குத் தெரியும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருக்கிற மாதிரியே தெரியவில்லை. விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. ஏதோ மரத்துப் பிசின் மாதிரி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்றார் வழிகாட்டிப் பையன். கதவு நிலையும் மேல் உத்தரமும் மட்டும் மணற்கல். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் ஆர்ச் கிடையாது. ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தள்ளி, உச்சியில் மூடியிருக்கிறார்கள். ஒரு கோயிலில் அந்த உச்சி விழுந்துவிட்டது, அந்த ஓட்டை வழியாக வெயில் நேராக ஆவுடையார்மேல் இறங்குகிறது. லிங்கம் இல்லை. யாரோ ஊர்க்காரர்கள் ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அம்மா கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஆவுடையாரில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு எனக்கும் பூசிவிட்டாள்.

வெளிச்சுவரில் ஒரு வேலை இருக்கிறது. சின்னதாக ஒரு மாளிகை, அதில் ஆட்கள், அதைக் கீழே இருந்து சிறகுள்ள பிராணிகள் தாங்குகின்றன. பறக்கும் அரண்மனை என்கிறார்கள். சுவரைக் கட்டி முடித்த பிறகு அந்தச் செங்கல்லிலேயே செதுக்கியது. உளி ஒரு தடவை சறுக்கினால் அவ்வளவுதான், அந்தச் செங்கல்லை உருவி வேறு வைக்க முடியாது.

மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலுக்கு உன்னை சைக்கிளில் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கட்டினேன் என்று நம் மகேந்திரவர்மன் பெருமையாக வெட்டி வைத்திருப்பான். ஏறக்குறைய அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் செங்கல்லிலேயே இத்தனையும் செய்திருக்கிறான்! ஈசானவர்மனின் தகப்பன் பெயரும் மகேந்திரவர்மன்தான். உடனே நம் ஆட்கள்தான் போய்க் கட்டினார்கள் என்று வாட்ஸாப்பில் போட்டுவிடாதே. இங்கிருந்து எழுத்து போயிருக்கிறது. அங்கே நிலைக்கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துக்குப் பல்லவர் எழுத்தின் சாயல் அப்படியே இருக்கிறது. ஆனால் சுவர் எழுப்பிய கை அந்த ஊர்க் கை.

நடுவில் ஒரு பெரிய பள்ளம் வந்தது. குளமா என்று கேட்டேன். 1970களில் அமெரிக்க விமானம் போட்ட குண்டு என்றான் பையன், புல் முளைத்துக் கிடந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் அம்மா ஒன்றுமே பேசவில்லை.

கடைசியாக ஒரு கோயிலுக்குப் போனோம், பிரசாத் ச்ரேய். நம் ஆல், அரசு ஜாதி மரம் ஒன்று மேலே முளைத்து, கோயிலை முழுசாகப் போர்த்திவிட்டது. வாசல் மட்டும் ஒரு கருப்பு ஓட்டை மாதிரி தெரியும், மற்றதெல்லாம் வேர். எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுப்பார்களாம். அம்மாவும் அழகு என்றாள். எனக்கு அது அழகாகவும் இருந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. அந்த வேர்தான் சுவரைப் பிளந்தது, இப்போது அந்த வேர்தான் சுவரை விழாமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. இனி மரத்தை வெட்டினால் கோயில் போச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வீட்டுப் பின்சுவரில் நீ போன தடவை பார்த்த அரசங்கன்று முழ உயரம் வந்துவிட்டது. திரும்பி வந்த மறுநாளே ஏணி போட்டு ஏறி, காரைச் சந்துக்குள் போன வேரைச் சுரண்டி எடுத்துப் பிடுங்கிவிட்டேன். அம்மா திட்டினாள், இந்த வயசில் ஏணியா என்று. போகட்டும். பின்கட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று நீ பணம் அனுப்பினாயே, அது பேங்கில் அப்படியே இருக்கிறது. மேஸ்திரியைத் தைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீயும் வருவாய் அல்லவா, இரண்டு பேருமாகச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். உங்கள் தாத்தா சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய சுவர் அது, வேர் போன இடம் இரண்டடிதான். பூசினால் போதும் என்பது என் கணக்கு. நீ வேண்டாம் என்றால் இடிக்கலாம்.

அங்கே வாங்கிய பனைவெல்லம் ஒரு பொட்டலம் உனக்கென்று அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். நம் ஊர் வெல்லம் மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டே தன் பொட்டலத்தை இரண்டு நாளில் காலி செய்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா