பர்சனல் புராஜெக்ட்: திட்டத்தாள் வெள்ளிக்கிழமைக்குள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். ஐபி எம்ஒய்பி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் நடுநிலைப் பாடத்திட்டம்) 5ஆம் ஆண்டுப் பிள்ளைகள், தாங்களே தலைப்பைத் தேர்ந்து செய்யும் பர்சனல் புராஜெக்டுக்கான திட்டத்தாளை வரும் வெள்ளி மாலை 5 மணிக்குள் வழிகாட்டி ஆசிரியரிடம் தர வேண்டும். அதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவை:

1. இலக்கு இரண்டு. "படத்தொகுப்பு கற்பது" கற்றல் இலக்கு; "5 நிமிடக் குறும்படம் எடுப்பது" படைப்பு இலக்கு. பலர் இரண்டாவதை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பிறகு புராஜெக்ட் முடிவில் தரும் அறிக்கையில் கற்றதைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது.

2. வெற்றி அளவுகோல்தான் அதிகம் சறுக்கும் இடம். "படம் நன்றாக இருக்க வேண்டும்" என்பதை எப்படிச் சோதிப்பது? "வசனம் முழுதும் தெளிவாகக் கேட்க வேண்டும், பார்க்கும் 10 பேரில் 7 பேராவது கதையைச் சரியாகச் சொல்ல வேண்டும்" என்றால் சோதிக்கலாம். வேலை தொடங்கும் முன்பே எழுதட்டும். முடிந்தபின் படைப்புக்கு ஏற்ப எழுதினால் மதிப்பீட்டுப் பகுதி வெறுமையாகிவிடும்.

3. மொத்தம் சுமார் 25 மணி நேரம், அறிக்கை எழுதுவதும் சேர்த்து. கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் பிரிக்கவும்.

4. வேலை நடக்க நடக்கப் பதிவு செய்யும் செயல்முறைக் குறிப்பேட்டில் தேதி, படம், தோல்வியில் முடிந்த முயற்சி எல்லாம் இருக்கட்டும். அறிக்கை 15 பக்கத்தைத் தாண்டக் கூடாது.

5. திட்டமிடல், திறன் பயன்பாடு, செய்ததைத் திரும்பிப் பார்க்கும் சிந்தனை ஆகியவற்றுக்குத் தலா 8 மதிப்பெண், மொத்தம் 24. படைப்புக்குத் தனி மதிப்பெண் இல்லை. அதனால் தயவுசெய்து நாமே செய்து கொடுக்க வேண்டாம்.

புதன் இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்பில் பேசுவோம். வருபவர்கள் பிள்ளையின் இரு இலக்குகளையும் தலா ஒரு வரியில் செவ்வாய்க்குள் இங்கே பதிலாக இடுங்கள்.