பன்னும் பிஸ்கட்டும் பல்லைக் கெடுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் சொத்தைப் பல் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிட்டாய், சாக்லேட்டைக் குறைக்கச் சொன்னது சரிதான். ஆனால் பன், பிஸ்கட், ரஸ்க் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சேரன்மகாதேவி பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் நான் பிள்ளைகள் கையில் தினமும் பார்ப்பது அவற்றைத்தான்.

எங்களிடம் வரும் நாலு வயதுப் பையன் ஒருவன் ஒருநாள் மதியம் தூங்கும்போது ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால், பன்னை அடக்கிக்கொண்டே தூங்கியிருக்கிறான். கூழாகிப் பல்லிடுக்கில் அப்பியிருந்ததை விரலால் வழித்து எடுத்தேன். கடைவாயில் இரண்டு பல்லில் கறுப்புக் குழி. சாயந்தரம் அவன் ஆச்சியிடம் காட்டினேன். "பூச்சிப் பல்லு டீச்சர். மிட்டாய கண்ணுலயே காட்டதில்ல, பன்னும் பிஸ்கட்டுந்தான் திங்கான்" என்றார்கள்.

ஆச்சி சொன்னது பொய்யில்லை. ஆனால் வெறும் சோற்றை விழுங்காமல் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்து பாருங்கள், இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. வெந்த மாவு பச்சை மாவைவிடச் சீக்கிரம் உடையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனி போன்ற சில வாய்க்கிருமிகள் அந்த அமைலேஸையே பிடித்துத் தங்கள் மேல் ஒட்டவைத்துக்கொள்கின்றன. அப்புறம் பல்லில் படிந்த அழுக்குக்குள்ளேயே சர்க்கரை தயாராகிறது. கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அமிலம் கூடக் கூட இறங்கும் பிஹெச் அளவு அங்கே சுமார் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதே குறைவு. பெர்லினில் இருந்த மில்லர் என்ற பல் மருத்துவர் 1890-லேயே சொத்தைக்குக் காரணம் கிருமியும் அது விடும் அமிலமும் என்று எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் பூச்சி என்கிறோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைக்குச் சோற்றையும் இட்லியையும் குறைத்துவிட வேண்டாம். வேளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் எச்சில் பார்த்துக்கொள்ளும். மாவு மட்டும் தனியாகச் சர்க்கரை அளவுக்குக் கெடுதல் செய்வதும் இல்லை. இரண்டும் சேர்ந்து பல்லில் ஒட்டுவதுதான் மோசம். மாவோடு சர்க்கரை சேர்ந்த பிஸ்கட் அந்த வகைதான். கோதுமைப் பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டும் நம் ஊர் அல்வாவும் அதே வகைதான். அல்வாவை ஒரே தடவையில் தின்று முடித்து வாய் கொப்பளித்துவிடலாம். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் காலையிலிருந்து கொறிக்க விடும்போது பல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. பால் கடைவாய்ப் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை அந்தப் பிள்ளை எதை வைத்து மெல்லும்? அதோடு, ஆறு வயதையொட்டி அவற்றுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் எந்தப் பல்லும் விழாமலே வருவது. அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது போனால் வேறு முளைக்காது.

சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வைப்பதை நாங்கள் இங்கே செய்கிறோம். ராத்திரி பல் தேய்த்துவிடுவது வீட்டில்தான் நடக்க வேண்டும். ஃப்ளோரைடு பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். தேய்த்த பிறகு எதுவும் தின்னக் கொடுக்கக் கூடாது.

இந்த விவரங்களையும் அதே பக்கத்தில் ஒருமுறை, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டியெடுத்து எங்கள் வாசல் சுவரில் ஒட்டிவைக்கிறேன். பிள்ளைகளைக் கூப்பிட வரும் ஆச்சிமார் அங்கேதான் நிற்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்