முன் அலமாரியை ஏன் மாற்றினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற முன் அலமாரியில் இத்தனை காலமும் நாவல், சிறுகதை எல்லாம் இடது பக்கம் இருந்தன. வரலாறு, தன்வரலாறு, கட்டுரை எல்லாம் வலது பக்கம். மார்கழி பிறந்ததிலிருந்து அந்தப் பிரிவினை கிடையாது. ஒரு நாவல், அதை ஒட்டினாற்போல் கதையல்லாத ஓர் அல்புனைவு நூல் என்று ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறோம். "மோகமுள் பக்கத்தில் உ.வே.சா. எதற்கு?" என்று வந்தவர்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். கல்லாவில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இந்த மடல்.

காரணம் இந்த ஆண்டு நான் படித்த புத்தகங்கள்தான். நம் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. நாவல் வாசிக்கிறவர்கள் வலது பக்கம் திரும்புவதே இல்லை. வரலாறு கேட்டு வருகிறவர்கள், குறிப்பாக ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும், "கதையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்துப்போன புத்தகங்களை எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: ஒரே மண்ணைப் பற்றி, ஒரே தொழிலைப் பற்றி, ஒரே காலத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கதையையும் ஓர் உண்மை நூலையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் இரண்டுமே எனக்கு முழுதாகத் திறந்தன. அதை உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

முதல் ஜோடி, நீங்கள் கேட்ட அந்த ஜோடிதான். தி. ஜானகிராமனின் 'மோகமுள்', உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இரண்டும் கும்பகோணத்துப் புத்தகங்கள். 'மோகமுள்' என்றால் எல்லோரும் யமுனாவைத்தான் பேசுவார்கள். பேசட்டும், தப்பில்லை. ஆனால் இந்த முறை படிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ரங்கண்ணாவும் பாபுவும். சங்கீதத்தை மேடைக்கும் கைதட்டலுக்கும் என்று நினைக்காமல் ஒரு தவமாக வைத்திருக்கிற குரு. காதலுக்கும் சங்கீத சாதகத்துக்கும் நடுவில் கிடந்து தவிக்கிற சீடன். வடக்கிலிருந்து வரும் பாடகர்கள் தங்கள் குரலைப் பழக்கி வைத்திருக்கும் விதத்தைக் கேட்டு பாபு அசந்துபோகும் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

அதை முடித்த கையோடு 'என் சரித்திரம்' எடுத்தால், அங்கேயும் ஒரு குரு, ஒரு சீடன். திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்து அவரைத் தேடிப் போய்ச் சேர்ந்த சாமிநாதனும். அத்தனை புராணங்களையும் பிரபந்தங்களையும் பாடிக் குவித்த அந்தப் பெரும்புலவருக்குக் கைப்பணத் தட்டுப்பாடு ஓய்ந்ததே இல்லை. 1876-இல் அவருடைய கடைசி நேரத்தில், திருவாசகத்திலிருந்து அடைக்கலப் பத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார், மாணவர் படிக்கிறார். அந்த இடத்தில் உ.வே.சா. எதையும் பெரிதுபடுத்தி எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் 1880. கும்பகோணத்துக்கு முன்சீபாக (கீழ்நிலை நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்கிறவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா என்று ஒரு கேள்வி. இவர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்று தொடங்கியதுதான். சிந்தாமணி சமண காப்பியம் என்பதால், கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887-இல் சிந்தாமணி அச்சாகிறது. அதன் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக. ஏட்டில் ஒரு சொல் பூச்சி அரித்துப்போயிருந்தால் அதற்காக இன்னொரு பிரதியைத் தேடி ஊர் ஊராக அலைகிற கதை இது. துப்பறியும் நாவல் கேட்டு வருகிற இளைஞர்கள் கையிலும் இந்த ஆண்டு இதைத்தான் திணித்தேன்.

1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-இல் அவர் காலமானதோடு நின்றுபோனது. அதனால் இது முடிவடையாத புத்தகம். வாங்கும்போது ஒரு விஷயம்: பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. மலிவுப் பதிப்புகளில் எழுத்து மிகவும் பொடி. இவ்வளவு பெரிய புத்தகத்தைக் கண் நோகாமல் படிக்க வேண்டும் என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எழுத்து பெரிதாக உள்ள பதிப்பை எடுங்கள். நம்மிடம் இரண்டும் இருக்கும். பிரித்துப் பார்த்து எடுக்கலாம்.

இரண்டாவது ஜோடி நம் வீட்டு வாசலில் கிடக்கிற விஷயம். தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சாலையோரம் வெள்ளை வெளேரென்று குவிந்துகிடக்கும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பளங்களுக்குள் வேலை செய்கிறவர்களைப் பற்றிய நாவல் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. அவர் எழுதும் முறையே தனி. எதைப் பற்றி எழுதப் போகிறாரோ அந்த மக்களிடம் போய்த் தங்கி, பேசி, கேட்டுக்கொண்டு வந்து எழுதுவார். நாவலில் பொன்னாச்சி என்கிற பெண் அளத்து வேலைக்கு வருகிறாள். பாத்தியில் இறங்கி உப்பை வாரும்போது காலில் வெடித்த வெடிப்புக்குள் உப்புநீர் ஏறுகிற எரிச்சல், வெயிலில் உப்பு பளீரென்று கண்ணைக் குத்துகிற கூச்சம், வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் பார்வை, கூலியில் பிடித்தம் — எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் வருகிறது. ஆண்டு முழுக்க நான் படித்த நாவல்களில், அதிகமான பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான். இலக்கியப் பேச்சுகளில் ராஜம் கிருஷ்ணனின் பெயர் போதுமான அளவு வருவதில்லை. இது எனக்கு நிஜமான வருத்தம்.

அதன் பக்கத்தில் ஆ. சிவசுப்பிரமணியனின் 'உப்பிட்டவரை'. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். நாட்டார் வழக்காற்று ஆய்வில் முன்னோடிகளில் ஒருவர். புது வீட்டுக்கு முதலில் உப்பைக் கொண்டுபோகிறோம். உப்பைக் கையிலிருந்து கைக்கு வாங்க மாட்டோம். துக்க வீட்டுச் சடங்கில் உப்பில்லாமல் படைக்கிறோம். இதையெல்லாம் ஏன் என்று கேட்காமலே செய்துகொண்டிருக்கும் நமக்கு, உப்புக்கும் நம் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பை இவர் விரித்துச் சொல்கிறார். வெள்ளைக்காரன் போட்ட உப்பு வரி, அதை எதிர்த்து 1930-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு நடந்த நடை என்று உப்பின் பின்னால் நெடிய வரலாறும் உண்டு. நாவலைப் படித்துவிட்டு இதை எடுத்தால், பொன்னாச்சி தனி ஆள் இல்லை, அவளுக்குப் பின்னால் எவ்வளவு நீளமான வரிசை நிற்கிறது என்று புரியும்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அவர் உயிரோடு இருக்கும்போதே, 2009-இல், தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் 'கரிப்பு மணிகள்' வெவ்வேறு பதிப்பகத்தில், வெவ்வேறு விலையில் கிடைக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்பட வேண்டாம், கதை ஒன்றுதான்.

மூன்றாவது ஜோடி, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும் ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தபோது எனக்குள் ஒரு தனி சந்தோஷம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், செட்டியார் கோட்டையூர்க்காரர். இரண்டும் இன்றைய சிவகங்கை மாவட்டத்து ஊர்கள். இருவரும் இளவயதிலேயே கடல் தாண்டிப் போனவர்கள். சிங்காரம் 1938-இல் இந்தோனேசியாவின் மெடானுக்குப் பிழைப்புக்குப் போனார். யுத்தம் முடிந்து 1946-இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். நாவலில் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைகிறது. கதாநாயகன் பாண்டியன் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போகிறான். கடலில் புயல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புயல் பகுதியில் வாக்கியங்களே தூக்கித் தூக்கிப் போடும். நேதாஜியின் படை, வட்டிக்கடை, மதுரைத் தெருக்களின் நினைவு, குடியோடு நடக்கும் தமிழ் இலக்கியச் சண்டை எல்லாம் உள்ளே உண்டு. எழுதிப் பல ஆண்டுகள் வெளியீட்டாளர் கிடைக்காமல் கிடந்து, 1972-இல்தான் புத்தகமானது. முதல் ஐம்பது பக்கம் ஆளைச் சுற்றவிடும். தயவுசெய்து அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

செட்டியார் முற்றிலும் வேறு மனிதர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் வருகிறது: காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும். வயது இருபத்தைந்துதான். காந்தியைப் படம்பிடித்தவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். அந்தப் படச்சுருள்களைத் தேடித் தேசம் தேசமாகப் போகிறார். ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்து சேர்த்ததை 1940 ஆகஸ்டில் திரைக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவர், அந்தத் தேடலை இந்த நூலில் எழுதும்போது தன்னைப் பற்றி வாயே திறப்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியம். பார்த்தது, கேட்டது, அடுத்தது. சிங்காரம் கொட்டித் தீர்க்கிறார், செட்டியார் அடக்கி வாசிக்கிறார். ஒரே காலத்தில் ஒரே சீமையிலிருந்து கிளம்பிய இரண்டு பேர் உலகத்தை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிய இரண்டும் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோ. தர்மனின் 'சூல்' பற்றிக் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உருளைக்குடிக் கண்மாயும் அதை நம்பிய ஊரும்தான் கதை. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் வரும் ஊர்ச்சாமிகளையும் நம்பிக்கைகளையும் மனதில் வைத்து, பக்கத்தில் தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்' வைத்திருக்கிறேன். எண்ணெய், பல்லாங்குழி, சோறு என்று அன்றாடம் புழங்குகிறவற்றைப் பற்றிய சின்னக் கட்டுரைகள். ஒரு நாளைக்கு ஒன்று படித்தால் போதும்.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கிறது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதற்கு மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பள்ளிப் பாடத்தில் கப்பலோடும் செக்கோடும் முடிந்துபோகிற வ.உ.சி.யை, அவருக்காகக் கடையடைத்த, கல்லெறிந்த, சிறைக்குப் போன சாமானியர்களோடு சேர்த்துப் பார்க்க வைக்கிற புத்தகம். இதற்கு நிகராகப் பக்கத்தில் வைக்க ஒரு நாவல் எனக்கு அகப்படவில்லை. உங்களுக்குத் தோன்றினால் வந்து சொல்லுங்கள், உடனே வைத்துவிடலாம்.

கீழ்த்தட்டில் விதியை மீறி இரண்டு நாவல்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமியின் தமிழில். நாடி பிடித்தே மரணத்தைச் சொல்லிவிடுகிற கிழ வைத்தியர் ஜீவன் மஷாயும், ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில வைத்தியம் படித்த இளம் டாக்டரும் மோதுகிறார்கள். யார் பக்கமும் சாயாமல் எழுதியிருக்கிறார். வீட்டில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கூடவே 'எரியும் பனிக்காடு': வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் தந்தது. நெல்லைச் சீமைக் கிராமங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆசை காட்டி அழைத்துப்போன குடும்பங்களின் கதை. முன்னது வைத்தியரைப் பற்றியது, பின்னது வைத்தியர் எழுதியது. அதனால் இதுவும் ஜோடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நடைமுறை. ஜோடியாக அடுக்கியிருப்பதால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஒன்றை மட்டும் தாராளமாக எடுக்கலாம். இரண்டும் சேர்த்து எடுப்பவர்களுக்குத் தை மாதம் முழுக்க வழக்கமான கழிவுக்கு மேல் இன்னும் ஐந்து சதவீதம் கழித்துக்கொடுக்கிறோம். 'அண்ணல் அடிச்சுவட்டில்', 'ஆரோக்கிய நிகேதனம்' இரண்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றால் பெயரையும் கைபேசி எண்ணையும் கல்லாவில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்; முன்பணம் வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறேன், அங்கே எடுத்து பண்டலோடு அனுப்பிவிடுவேன். நான் ஊரில் இல்லாத நாட்களிலும் கடை காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை திறந்திருக்கும். பழைய வரிசைப்படி தேடுகிறவர்களுக்கு, உள் அறையில் நாவலும் வரலாறும் முன்போலவே தனித்தனியாக இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடைக்காரர்