வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (நாஷ்வில், டென்னசி)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்ற நம் வழக்கம் இந்த ஆண்டும் விட்டுப்போகவில்லை. வசந்த காலத்தில் ஒரு முறை, நமக்கென்று சொல்லியிருந்த அறையை வேறொருவருக்கும் கொடுத்துவிட்டார்கள். அன்று குழந்தைகளோடு வாசலில் நின்றவர்களிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முந்தின நாளே போன் செய்து உறுதி செய்திருக்க வேண்டியது என் பொறுப்பு. இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியது புத்தகக் கடைகளைப் பற்றித்தான். இங்கே நெடுநாளாக இருப்பவர்களுக்கு டேவிஸ்-கிட் கடை நினைவிருக்கும். 1980-ல் இரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கியது. பிறகு அது வெளியூர் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்ததும் 2010 கடைசியில் இந்தக் கடையும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே பார்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடையும் போனது. ஆறு லட்சம் பேர் வாழும் ஊரில் புதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாங்க நல்ல கடை இல்லை என்ற நிலை. அந்தச் சமயத்தில்தான், 2011 நவம்பரில், நாவலாசிரியர் ஆன் பாட்செட்டும் கேரன் ஹேய்ஸும் கிரீன் ஹில்ஸ் பகுதியில் பார்னாசஸ் புக்ஸைத் திறந்தார்கள். கடை உள்ளூர்க்காரர் கையில் இருப்பதன் அருமையை இந்த ஊர் இழந்துதான் தெரிந்துகொண்டது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: இரண்டு டாலர் கூடினாலும் பரவாயில்லை, கடைக்கே போய் வாங்குங்கள்.

கையைக் கடிக்கிறது என்பவர்களுக்கு மெக்கே பழைய புத்தகக் கடை இருக்கிறது. ஓல்ட் ஹிக்கரி சாலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நம்மில் பலர் அப்படியே அங்கும் ஓர் எட்டு போய்விட்டுத்தான் வருகிறோம். படித்து முடித்ததைக் கொடுத்தால் அதன் மதிப்புக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் தெற்கத்திய புத்தகத் திருவிழாவுக்குச் சேர்ந்து போனோம். 1989 முதல் நடக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் என்னை அதிகம் பாதித்தது சர்ச் தெரு பொது நூலகத்துக்குப் போன நாள்தான். அங்கே கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்துக்கென்றே ஓர் அறை உண்டு. 1960 பிப்ரவரியில் இந்த ஊரில் கறுப்பின மாணவர்கள், தங்களுக்குப் பரிமாற மறுத்த கடைகளின் சாப்பாட்டு மேடைகளில் போய் அமைதியாக உட்கார்ந்தார்கள். மே மாதம் அந்த மேடைகள் அவர்களுக்கும் திறந்தன. அறையில் அதை நினைவூட்டும் ஒரு வட்ட மேடை. மாணவர்கள் கடைப்பிடித்த விதிகள் அதில் பொறித்திருக்கின்றன: அடித்தாலும் திருப்பி அடிக்காதே, நிமிர்ந்து உட்கார், மேடையைப் பார்த்தே இரு. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன் அதற்கு முன் நாக்பூரில் வேலை பார்த்தவர், காந்தியின் வழியை அங்கே இருந்து கற்றவர். அதைச் சொன்னதும் நம் பிள்ளைகள் அந்த மேடையைச் சுற்றி உட்கார்ந்து, விதிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஹேட்ச் அச்சகத்துக்கும் போனோம். 1879-லிருந்து மர எழுத்துக்களைக் கோத்துச் சுவரொட்டி அடிக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

நம் தமிழ் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து பெட்டியில் இடம் ஒதுக்கிச் சுமந்து வந்தவர்களுக்கு நன்றி. சிறுவர் புத்தகங்கள் மட்டும் போதவில்லை. ஜனவரியில் ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் பட்டியல் தருகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதற்கு முன் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். வட்டத்தின் பரிசுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் இனி உள்ளூர்க் கடையிலேயே வாங்க வேண்டும், இணையத்தில் வாங்கக் கூடாது. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கவும்.