புறா மார்பில் கட்டிய கேமரா

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய டிரோன் வீடியோவை நாலு தடவை பார்த்தோம். அம்மா உன் மொட்டைமாடியில் துணி காயப்போடக் கொடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். எனக்கோ அந்த ஜெர்மன் மருந்துக்கடைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது, முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

பிராங்க்பர்ட் பக்கம் க்ரோன்பெர்க் என்ற ஊர், ஜூலியஸ் நொய்ப்ரோனர் என்று பெயர். அவசர மருந்தைப் புறாவில் வரவழைக்கிற குடும்பம். ஒரு தடவை மூடுபனியில் வழிதவறிய புறா ஒன்று நாலு வாரம் கழித்து நன்றாகக் கொழுத்துத் திரும்பி வந்ததாம். எங்கேடா போயிருந்தாய் என்று புறாவிடம் கேட்கவா முடியும்? மனிதர் அதன் மார்பில் கேமராவைக் கட்டிவிட்டார்! புறா தூக்கக்கூடியது 75 கிராம், அதற்குள் லென்ஸ், ஃபிலிம், வார்ப்பட்டை எல்லாம் அடங்க வேண்டும். ஷட்டரை யார் அமுக்குவது? ஒரு சின்ன அறையில் காற்றை அடைத்துவிடுவார், அது நுண்ணிய துளை வழியாகக் கசியக் கசிய பிஸ்டன் நகர்ந்து ஷட்டரைத் தட்டும். காப்புரிமை அலுவலகம் முதலில் நம்பவில்லை, புறா எடுத்த படங்களைப் பார்த்த பிறகு 1908 டிசம்பரில்தான் கொடுத்தார்கள். க்ரோன்பெர்க் அரண்மனைப் படம் ஒன்று இருக்கிறது, இரண்டு ஓரத்திலும் புறாவின் இறக்கை நுனி விழுந்திருக்கும். என் ஸ்டுடியோவில் அப்படி ஒரு பிரிண்ட் வந்திருந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வந்திருப்பார், ஆனால் எனக்கு அந்த இறக்கைதான் படமே.

முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆனால் அதற்குள் விமானத்திலிருந்தே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், புறா பழையபடி கடிதம் சுமக்கப் போய்விட்டது.

அடுத்த போரில் கோடக் கம்பெனி அமெரிக்க உளவாளிகளுக்காகத் தீப்பெட்டி அளவில் கேமரா செய்தது. எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுத் தீப்பெட்டி லேபிளை ஒட்டிவிடுவார்களாம்.

அப்புறம் மினாக்ஸ் என்ற குட்டிக் கேமரா. வால்டர் சாப் என்பவர் உளவுக்காக அதைச் செய்யவே இல்லை, எல்லோரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் செய்தார். 1938 வாக்கில் லாட்வியாவின் ரிகா நகரத் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்தது, போர் வந்ததும் உளவாளிகள் கைக்குப் போய்விட்டது. ஒரு ஃபிலிமில் 50 படம், ஒவ்வொரு நெகட்டிவும் 8-க்கு 11 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. அதை டார்க் ரூமில் கழுவினவனை நினைத்தால் எனக்கு இப்போதே கண் வலிக்கிறது. எல்லோரும் கேமரா சின்னது என்று வியப்பார்கள், நான் வியப்பது அதன் சங்கிலியை. அதில் அங்கங்கே மணி கோத்திருக்கும். சங்கிலி நுனியைப் படம் எடுக்க வேண்டிய காகிதத்தில் வைத்து இழுத்துப் பிடித்தால் எந்த மணி வரை வருகிறதோ அதுதான் தூரம், டயலை அந்த அளவுக்குத் திருப்பினால் எழுத்து துல்லியமாக விழும். டேப்பும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, யாராவது தாத்தா பாட்டி படத்தைக் காப்பி எடுக்கக் கொண்டுவந்தால் ஸ்டாண்டில் முடிச்சுப் போட்ட நூல் ஒன்று கட்டியிருப்பேனே, நுனியை நீதான் பிடிப்பாய். மினாக்ஸ் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நூலைப் போன வாரம் அம்மா எடுத்து உனக்கு அனுப்புகிற முறுக்கு டப்பாவைக் கட்டிவிட்டாள். பார்சல் வந்ததும் கத்தரி போடாமல் அவிழ்.

அன்புடன்,
அப்பா